பயிற்சி நாட்குறிப்பும் தோட்டத்துப் பிள்ளையும்

ஒரு சமுதாயம் தன் இளைஞருக்கு எதைக் கற்பிக்கின்றது என்பதை அதன் பாடநூல்களைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. எவருடைய செலவிற் கற்பிக்கின்றது, எவருடைய மேற்பார்வையிற் கற்பிக்கின்றது, கற்றவனை எந்தப் பக்கத்திற் கொண்டுபோய் நிறுத்துகின்றது என்ற மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, நமது பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ பீடங்களில் இன்று பரவலாகிவிட்ட ஓர் ஏற்பாட்டை ஆராய விரும்புகின்றோம். வணிகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர் தம் படிப்பின் பிற்பகுதியிற் சில மாதங்கள் ஒரு நிறுவனத்திற் பணிபுரிகின்றனர். நிறுவனத்து அதிகாரி ஒருவரும் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரும் அவர்களை மேற்பார்வை செய்கின்றனர். ஒரு கொடுப்பனவு கிடைக்கின்றது, அல்லது கிடைக்குமென எதிர்பார்க்கப்படுகின்றது. மாணவர் நாள்தோறும் ஒரு குறிப்பேடு எழுதி, முடிவில் ஓர் அறிக்கையைச் சமர்ப்பித்துப் புள்ளி பெறுகின்றனர். தொழிற்பயிற்சி என்றும் உள்ளகப் பயிற்சி என்றும் இதற்குப் பெயர் வழங்குகின்றது.

இதனை மலையகத்தில் நின்று பார்க்க வேண்டிய தேவை ஒன்று உண்டு. ஆய்வுகூடமும் கணித விஞ்ஞான ஆசிரியரும் போதாத எமது பாடசாலைகள் பலவற்றில் உயர்தர வகுப்பென்றால் நெடுங்காலமாகக் கலையும் வணிகமுமே. பல்கலைக்கழக அனுமதியிற் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களென வகுக்கப்பட்டவற்றுள் நுவரெலியாவும் ஒன்று. ஆகவே லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பாதைகளுள் வணிகக் கல்வி முக்கியமானது. அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் கணக்கீடு படித்த பிள்ளைகள் அப்பாதையிலே நடந்துதான் பட்டதாரிகளாகின்றனர். அப்பாதையின் கடைசியில் நிற்கும் வாயில் இத்தொழிற்பயிற்சி. அது எவருக்குத் திறக்கின்றது, திறந்தபின் எங்கே இட்டுச் செல்கின்றது என்பது வெறும் பாடத்திட்ட விவகாரமன்று.

கல்வியையும் உழைப்பையும் இணைக்கும் கொள்கைக்கு நாம் எதிரிகளல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்கொள்கையின் பிறப்பிடமே சமுதாய மாற்றத்தை நாடிய சிந்தனையாகும். ரொபேட் ஓவன் தம் ஆலையோடு பள்ளியை இணைத்து நடத்திய சோதனையில் எதிர்காலக் கல்வியின் முளையை மார்க்ஸ் கண்டார். அதனை அவர் எழுதிய ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்தது 1867இல். அதே 1867இலேதான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் கண்டிச் சீமையின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். உழைப்போடு இணைந்த கல்வி மனிதனை முழுமையாக்கும் என்ற நூலும், உழைப்பையே கல்வியிலிருந்து நெடுங்காலம் பிரித்துவைத்த ஒரு தொழிலும் ஒரே ஆண்டில் உலகுக்கு வந்தன.

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் இக்கொள்கை வேறொரு வழியால் நுழைந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906ஆம் ஆண்டு ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவரைக் கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாணவர் சில காலம் வகுப்பறையிலும் சில காலம் தொழிற்சாலையிலும் மாறிமாறி இருந்தனர். தொழிற்சாலையில் இருந்த காலத்துக்குக் கூலி பெற்றனர். கூட்டுறவுக் கல்வி என அழைக்கப்பட்ட இம்முறை பின்னர் வணிகத் துறைக்கும் பரவியது. கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியபோது இதனையே அடித்தளமாகக் கொண்டது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 1974இல் இதற்கெனத் தனி உயர்கல்விக் கூடங்களை அமைத்தது. அங்கே மாணவன் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்கின்றான். படிப்புக்காலம் முழுவதும், வகுப்பறையில் இருக்கும் மாதங்களுக்கும் சேர்த்து, ஊதியம் பெறுகின்றான். கூலி என்பது இத்திட்டங்களில் இனாம் அன்று. கற்பவனும் உழைக்கின்றான் என்பதற்கான ஒப்புதலே அது.

இவற்றைப் படிக்கும் நம் வாசகர், வேலையும் படிப்பும் இணைந்த வணிகப் பயிற்சி மலைநாட்டுக்குப் புதியது என்று எண்ணிவிடலாகாது. அது நமக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய சங்கதி. பிரித்தானியத் துரைமார் காலத்திலே தோட்ட நிர்வாகம் கற்க வந்த இளைஞன் ‘கிரீப்பர்’ என்று அழைக்கப்பட்டான். பெரியதுரையின் பங்களாவிலோ அதன் அருகிலோ தங்கி, அதிகாலையிற் பெரட்டுக்களத்துக்குப் போய், கங்காணிமாரோடு மலை சுற்றி, செக்ரோல் எழுதப் பழகி, தொழிற்சாலையில் வாட்டுவதும் அரைப்பதும் உலர்த்துவதும் சலிப்பதும் பார்த்து, சில காலத்திற் சின்னதுரையாக உயர்ந்தான். நேரடி மேற்பார்வை, நடைமுறை அனுபவம், படிப்படியான பொறுப்பு என இன்றைய பயிற்சிக் கையேடுகள் விதந்துரைக்கும் அத்தனையும் அம்முறையில் இருந்தன. ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தது. பயில்பவனுக்குக் கூலி கொடுப்பதற்குப் பதிலாக, பயில்பவனின் குடும்பமே பல வேளைகளிற் பெரியதுரைக்குப் பணம் கட்டியது. பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை துரையாகலாம். மற்றவன் அத்துரையின் முன்னால் நிற்கலாம்.

அப்பயிற்சியின் உள்ளடக்கம் யாது என்பதை அறிய நமக்கு இலக்கியச் சான்று ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்பில் வெளிவந்த பெர்கியூசனின் தமிழ் வழிகாட்டி நூல் அது. சின்னதுரை சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கென எழுதப்பட்டது. அதன் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட மற்றொரு நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. சங்கமும் கம்பனும் உடைய மொழியொன்று தோட்ட எல்லைக்குள் நுழைந்ததும் ஏவல் வினைமுற்றாகச் சுருங்கிப்போயிற்று. பயில வந்தவன் தமிழ் கற்றான் என்பது உண்மை. பேசுவதற்காகக் கற்றானா, ஏவுவதற்காகக் கற்றானா என்பதை நூற்பெயரே சொல்லிவிடுகின்றது. மலைநாட்டு வணிகக் கல்வியின் முதற்பாடநூல் எது என்று எவரேனும் கேட்பின், இவ்வழிகாட்டியையே நாம் காட்டுவோம்.

மலையில் மேலே இருந்தவனுக்கு வேலையும் படிப்பும் இவ்வாறு இணைந்தபோது கீழே இருந்தவனுக்கும் அவை வேறொரு வகையில் இணைக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்துச் சிறாருக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தியது. ஆனால் பள்ளிநேரம் தோட்ட வேலைக்கு இடையூறாகாதபடியே அமைந்தது. ஓராசிரியர், ஒரு கொட்டகை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவு. அதன்பின் கொழுந்துக்கூடையோ முள்ளுக்குத்தோ. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனை அடையவில்லை. அவை அரசின் கைக்கு மாறியது 1970களிலும் அதன் பின்னருமே. காந்தியடிகளின் வார்தாத் திட்டம் 1937இற் கைத்தொழில்வழிக் கல்வியை முன்வைத்தபோது, உழைப்பு பிள்ளையின் அறிவைத் திறக்கும் என்று நம்பியது. தோட்டத்திலோ உழைப்பு பிள்ளையின் புத்தகத்தை மூடியது. வேலையோடு இணைந்த கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் எமது பெற்றோர் ஐயுறுவது இக்காரணத்தாலேதான். அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநீதி.

காலம் மாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் தோன்றியது. தோட்ட நிர்வாகம் பங்களாவிற் பரம்பரையாகப் பழகும் வித்தையாக மட்டுமன்றி, பாடத்திட்டமும் பரீட்சையும் உள்ள துறையாயிற்று. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. 2005இற் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றித் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாக்கியது. கிரீப்பர் இருந்த இடத்தில் இன்று பயிற்சி மாணவன் நிற்கின்றான். அவன் கையிற் பல்கலைக்கழகக் கடிதம் இருக்கின்றது. இது முன்னேற்றமே. ஆனால் கிரீப்பரின் மூன்று இலக்கணங்களான செலவு, மேற்பார்வை, நோக்கு ஆகியன மாறினவா என்று கேட்பது விமரிசகன் கடமை.

செலவை முதலில் எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. நிறைவேற 2021 ஆயிற்று. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ஆக்கவும், அரசின் பங்காக 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு சேர்க்கவும் முன்மொழிந்தது. அந்த 1750 ரூபாயை முழுதாகவே எடுத்துக்கொண்டு, மாதத்தில் 25 நாளும் பேர் விழுந்ததாகவே வைத்துக்கொண்டாலும், கழிவுகளுக்கு முன் ஒரு தாய் ஈட்டுவது 43,750 ரூபாய். அதற்குள் ஒரு குடும்பம் உண்ண வேண்டும். அதற்குள்ளேயே கொழும்பில் ஓர் அறை வாடகைக்கும், அலுவலக உடைக்கும், பேருந்துக்கும், மதியச் சாப்பாட்டுக்கும் வழி காண வேண்டுமெனின், கொடுப்பனவற்ற பயிற்சி அப்பிள்ளைக்குத் திறந்த வாயிலன்று. எம்மிடம் கற்றோருட் சிலர் தலைநகரில் நல்ல இடம் கிடைத்தும் தங்குமிடச் செலவுக்கு வழியின்றி அதனைக் கைவிட்டு, வீட்டுக்கு அண்மையிற் கிடைத்த ஏதோவோர் இடத்தை ஏற்றுக்கொண்டதை நாம் அறிவோம். பட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில், எங்கே பயின்றாய் என்ற கேள்விக்கு வசதியுள்ளவன் சொல்லும் விடை வேறு, வசதியற்றவன் சொல்லும் விடை வேறு.

இங்கே சொற்களையும் கவனிக்க வேண்டும். பயிற்சி மாணவன் பெறுவதைச் சம்பளம் என்று எவரும் சொல்வதில்லை, கொடுப்பனவு என்பர். சம்பளம் உரிமை, கொடுப்பனவு கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. அவன் செய்வதை வேலை என்றும் சொல்வதில்லை, அனுபவம் என்பர். கடைசி மாதத்தில் ஒரு முழு எழுதுவினைஞரின் பணியை அவன் செய்துகொண்டிருந்தாலும் அது அனுபவமே. தோட்டத்துப் பிள்ளைகள் இத்தகைய சொல்மாற்றங்களைத் தம் வீட்டிலேயே கண்டு பழகியவர்கள். நாள்முழுதும் மலையில் நின்றும் எடை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படுவதை அவர்கள் பார்த்திருக்கின்றனர். முழு மனிதர் செய்த வேலைக்கு அரைப்பேர் விழும் கணக்கு எத்தகையது என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி மேற்பார்வை. ஏட்டளவில் அது இருவருடையது. நடைமுறையில் நிறுவனத்து அதிகாரி நாள்தோறும் இருக்கின்றார். விரிவுரையாளர் பயிற்சிக் காலத்தில் ஒருமுறை வந்தாற் பெரிது. அவர்மேற் குற்றமில்லை. பல மாணவர், பல ஊர்கள், ஒருவர் கால்கள். ஆனால் விளைவு யாதெனில், மாணவன் செய்வது கற்றலா வெறும் எடுபிடியா என்று கேட்கவேண்டியவர் அங்கில்லை. ஆவணங்களைக் கோவையில் அடுக்குவதும் பிரதியெடுப்பதுமாக மாதங்கள் கழிந்தாலும் நாட்குறிப்பிற் கையொப்பம் விழும். ஒருபக்க மேற்பார்வை கண்காணிப்பாகவே முடியும். அது கல்வியாவதற்கு ஆசிரியனும் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

மூன்றாவதாகிய நோக்கே அடிப்படையானது. அதனை அறிவதற்கு நாம் மாணவரின் நாட்குறிப்புகளையே இலக்கியமாக வாசித்துப் பார்த்தோம். தோட்டக் காரியாலயங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பயின்ற பழைய மாணவர் சிலர் அவற்றை எம்மிடம் காட்டினர். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, ஒழுங்கானவை, உழைத்து எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழாக்கி வாசித்தபோது ஒரு பண்பு பளிச்சென்று தெரிந்தது. வாக்கியங்களிற் பெரும்பாலானவை செயப்பாட்டு வினையில் முடிந்தன. கொழுந்து பறிக்கப்பட்டது, நிறுக்கப்பட்டது, தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது, செலவு குறைக்கப்பட்டது, இலக்கு எட்டப்பட்டது. பறித்தவர் யார், சுமந்தவர் யார், செலவு குறைந்தபோது எவர் வீட்டில் வரவு குறைந்தது என்று அவ்வாக்கியங்கள் சொல்லவில்லை. தமிழாசிரியர் என்ற முறையில் நாம் மாணவருக்கு எழுவாயைத் தேடிக் கண்டுபிடிக்கக் கற்பித்திருக்கின்றோம். இங்கே எழுவாய் நூற்றுக்கணக்கான பெண்கள். அவர்களுள் ஒருத்தி அந்த நாட்குறிப்பை எழுதிய பிள்ளையின் தாயாகவும் இருக்கலாம்.

இது மாணவரின் எழுத்துக் குறையன்று. அறிக்கைக்கென வகுக்கப்பட்ட நடை அது. புறவயமாக எழுது, ஆட்களை விட்டுச் செயலை எழுது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகின்றது. விஞ்ஞானப் பரிசோதனைக்கு அந்நடை பொருந்தக்கூடும். அங்கே அமிலத்தை யார் ஊற்றினாலும் விளைவு ஒன்றே. முகாமைத்துவம் மனிதரைப் பற்றிய துறை. அங்கே செய்தவரை நீக்கிவிட்டுச் செயலை மட்டும் எழுதுவது புறவயமாகாது; ஒரு பக்கத்தின் பார்வையை எல்லோருடைய பார்வையாகக் காட்டுவதாகும். ‘இங்கே வா’ என்ற பழைய ஏவல் மறைந்துவிட்டது உண்மை. அதன் இடத்துக்கு வந்திருக்கும் செயப்பாட்டு வினை ஏவப்பட்டவரையும் ஏவியவரையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடை, ஈரம், முற்றல் இலை என்ற கணக்குகளிற் சில கிலோ கழிக்கப்படும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். நூறு பேர் பறிக்கும் மலையில் ஆளுக்கு ஒரு கிலோ நியாயத்துக்கு மேலாகக் கழிபட்டால், நாளொன்றுக்கு 100 கிலோ கொழுந்து, அதாவது ஏறத்தாழ 22 கிலோ தேயிலை, எவர் பேரிலும் எழுதப்படாமல் உற்பத்தியாகின்றது. நிறைக்கும் நாட்பேருக்கும் தொடர்பு இருப்பதால், அந்த ஒரு கிலோ சில பெண்களுக்கு முழுப்பேரை அரைப்பேராக்கவும் கூடும். கழிவு நியாயமானதா, எவ்வளவு நியாயமானது, ஈரத்தை அளக்கும் முறை என்ன, அதனைத் தொழிலாளி சரிபார்க்க வழியுண்டா என்பன முதல்தரமான கணக்கீட்டு வினாக்கள். உட்கட்டுப்பாடு என்று பாடநூல் சொல்லும் அதிகாரத்துக்குள் அடங்குபவை. தராசின் அருகே நின்ற பயிற்சி மாணவன் ஒருவனும் அவற்றை எழுதவில்லை. தெரியாமலா? லயத்திற் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாதிருக்க முடியாது. அது பாடத்துக்குப் புறம்பானது என்று அவனுக்குத் தோன்றியிருக்கின்றது. அவ்வாறு தோன்றச் செய்வதே இன்றைய பயிற்சியின் பெருங்குறை.

இலக்கியம் இக்குறையை முன்பே உணர்ந்திருந்தது. மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் நூலுக்கு ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். என். எஸ். எம். ராமையாவின் சிறுகதைத் தொகுதி ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற பெயரோடு வந்தது. அப்பெயர் ஓர் அளவையைச் சொல்கின்றது; அதே வேளை அக்கூடைக்குப் பின்னால் ஒரு முதுகு இருப்பதையும் நினைவூட்டுகின்றது. கம்பனி அறிக்கைகள் கிலோவாக மட்டும் கண்ட ஒன்றை மலையகப் படைப்பாளிகள் மனிதராகவும் கண்டனர். ஆயினும் நமது படைப்பாளிகளிடம் நாம் ஒன்றைக் கேட்க வேண்டும். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கொழுந்துப் பெண்ணையும் எழுதிய பேனாக்கள், கழுத்துப்பட்டியோடு தோட்டக் காரியாலயத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் தொழிலாளியின் மகனையும் மகளையும் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. தாய் பெரட்டுக்களத்தில் நிற்க, பிள்ளை செக்ரோலோடு எதிரே நிற்கும் நிலை ஒரு புதிய யதார்த்தம். அதனுள் ஒரு வர்க்கத்தின் பெருமிதமும் கூச்சமும் ஒருங்கே கிடக்கின்றன.

அப்பிள்ளைக்கு மொழியிலும் ஒரு வேடிக்கை நேர்கின்றது. அக்காலச் சின்னதுரை தொழிலாளியோடு பேசத் தமிழ் கற்றே ஆகவேண்டியிருந்தது. அது அவனுக்குத் தகுதியாக எண்ணப்பட்டது. இன்று தமிழைத் தாய்ப்பாலோடு பெற்றுவந்த மாணவனுக்கு அது தகுதிப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. காரியாலயத்து ஏடும் பயிற்சி அறிக்கையும் ஆங்கிலம். ஆங்கிலம் வேண்டும், அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் தோட்டத்து வணிகத்தின் பெரும்பகுதி தமிழிலேதான் நடக்கின்றது. முறைப்பாடு தமிழில், சமரசம் தமிழில், வேலைநிறுத்தம் தமிழில். அத்தமிழை விளங்கிக்கொள்ளும் ஒருவனின் அறிவை நிர்வாகம் அறிவாகக் கணிக்காதது வணிக நோக்கிற்கூட இழப்பேயாகும்.

இவ்வாறு எழுதுவோரை நோக்கி இரு திசைகளிலிருந்து ஆட்சேபம் எழும் என்பதை நாம் அறிவோம். பயிற்சிக்கு இடம் கொடுப்பது கம்பனி. மாணவன் அங்கே தொழில் கற்க வருகின்றான், தொழிற்சங்கம் நடத்த வரவில்லை என்பர் ஒரு சாரார். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தேயிலையின் உற்பத்திச் செலவிற் பெரும்பகுதி கூலியே என்று சம்பளப் பேச்சுவார்த்தை தோறும் எடுத்துக்காட்டுவோர் கம்பனிகளே. அங்ஙனமாயின் கூலி பெறுவோரைப் பற்றிய அறிவே அத்தொழிலின் பெரும்பகுதி அறிவாகின்றது. தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளையும் நகரத்து வேலைகளையும் நாடி ஏன் வெளியேறுகின்றனர், பெண்களின் உழைப்பு நாள் எத்தனை மணியில் தொடங்கி எங்கே முடிகின்றது, பிள்ளைக்காம்பரா நன்றாக நடந்தால் வருகை எவ்வாறு உயர்கின்றது என்பவற்றை அறியாதவன் தோட்டத்தை நிர்வகிக்க எதைக் கற்றான்?

மறுசாரார் நம் நண்பர்கள். வணிகக் கல்வியே முதலாளித்துவத்துக்கு ஆள் தயாரிக்கும் கல்வி. அதன் பயிற்சி சீராக நடந்தாலென்ன, சீரழிந்தாலென்ன என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வி தீவிரமாக ஒலித்தாலும் தொழிலாளிக்கு உதவாது. ஆயிரம் ரூபாய்க்கான ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். மேசையின் ஒரு புறத்தில் உற்பத்தித்திறன், ஏலச் சராசரி, உற்பத்திச் செலவு என அட்டவணை அட்டவணையாக அடுக்கப்பட்டன. 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தின் விலைக்கும் மலையில் விழும் பேருக்கும் இடையிலுள்ள கணக்கை வரிவரியாகப் படித்து, இது சரி, இது பிழை என்று சொல்லக்கூடியோர் மறுபுறத்திலும் வேண்டியிருந்தனர். ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை தொழிலாளர் இயக்கத்துக்குத் தேவை. கூட்டுறவுக் கடைக்குத் தேவை. தோட்டக் காணியைப் பகிர்ந்து கொழுந்து விற்கும் முறைகள் பேசப்படும் இந்நாளில், ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தை வாசித்துச் சொல்ல ஒவ்வொரு லயத்துக்கும் தேவை. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை இன்று சிறு தோட்ட உடைமையாளரே விளைவிக்கின்றனர். அவர்களுக்கும் துரை வேண்டாம், கணக்கு வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை தொழிற்பயிற்சியை ஒழிக்கவேண்டும் என்பதன்று; அதனைக் கல்வியாக்க வேண்டும் என்பதே. முதலாவது, ஊதியம் எழுத்தில் இருக்க வேண்டும். தொகை, நாள், தங்குமிடம் ஆகியவற்றைக் குறித்து நிறுவனமும் பல்கலைக்கழகமும் மாணவனும் கையொப்பமிடும் ஒப்பந்தம் பயிற்சி தொடங்குமுன் வரவேண்டும். சிறு நிறுவனமும் கூட்டுறவுச் சங்கமும் கொடுக்க இயலாத இடத்தில் அரசு கொடுக்க வேண்டும். இலவசக் கல்வி வகுப்பறை வாசலோடு முடிந்துவிடக் கூடாது.

இரண்டாவது, மேற்பார்வை உண்மையிலேயே இருவருடையதாக வேண்டும். விரிவுரையாளர் மாதம் ஒருமுறையேனும் வரவும், தோட்டப் பகுதிகளுக்குத் தமிழறிந்தவரை அனுப்பவும் ஏற்பாடு வேண்டும். அவருடைய பயணச் செலவையும் நேரத்தையும் கற்பித்தலாகக் கணிக்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சியின் களம் விரிய வேண்டும். காரியாலயத்தில் ஐந்து மாதம் இருப்பவன், சில வாரங்களேனும் தொழிற் திணைக்கள அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ தொழிற்சங்கக் காரியாலயத்திலோ இருக்கட்டும். அவனுடைய நாட்குறிப்பில் ஒரு பகுதி தொழிலாளியின் பக்கத்திலிருந்து எழுதப்படட்டும்: பெரட்டு எத்தனை மணிக்கு, எடை எப்படி, பேர் எப்படி, குடும்ப வரவு செலவு எவ்வளவு. அதற்கும் புள்ளி இருக்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பீடங்களின் பாடத்திட்டக் குழுக்கள் மனம்வைத்தாற் போதும்.

பாடசாலை ஆசிரியரான நமக்கும் இதிற் பங்குண்டு. உயர்தர வணிக வகுப்பிற் செலவுக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் எங்கோ உள்ள கற்பனைக் கம்பனியின் மேசை நாற்காலிகளையே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாணவரின் வீட்டிலேயே சம்பளச் சீட்டு கிடக்கின்றது. அதன் வரவு, கழிவு, ஊழியர் சேமலாப நிதி, முற்பணம் ஆகிய வரிகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். தமிழாசிரியர் கட்டுரைப் பாடத்தில் அச்சீட்டையே வாக்கியங்களாக எழுதச் சொல்லலாம். பிள்ளை தன் தாயின் உழைப்பைத் தாயை எழுவாயாக வைத்து எழுதப் பழகிவிட்டால், பின்னொரு நாள் எந்த நிறுவனத்தில் எந்த அறிக்கை எழுதினாலும், விடுபட்டுப்போன ஆளைத் தேடும் பழக்கம் அவளை விட்டுப் போகாது.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாணவருக்கும் ஒரு சொல். அடுத்த பயிற்சிக் காலத்தில் நீங்கள் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ வங்கிக்கோ செல்வீர்கள். வேலையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். நுணுக்கம் எதனையும் விட்டுவிடாதீர்கள். உழைப்புக்கு ஊதியம் கேட்கக் கூசாதீர்கள். ஒன்றுசேர்ந்து கேட்டால் அது தனிமனிதரின் பணிவான விண்ணப்பமாக இராது. நாள்முடிவிற் குறிப்பேட்டைத் திறக்கும்போது, கொழுந்து பறிக்கப்பட்டது என்று எழுதுமுன் பறித்தவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். மேற்பார்வையாளர் அவ்வரியை அடித்தாலும் அடிக்கட்டும். அடித்த கோட்டின் கீழும் அப்பெயர் வாசிக்கத் தெரியும்.